மூன்றாம் படி

காரைவயல்
10.9.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசி இன்றோடு முப்பத்தெட்டு நாள். கடைசியாகப் பேசியபோது நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். யார் முதலில் வைத்தது என்பது இப்போது இருவருக்குமே நினைவில்லை. கடிதத்தில் ஒரு வசதி, நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. உங்களுக்கும் அதே வசதி உண்டு. ஆவுடையார்கோவில் நிலவழகன் அண்ணன் வெள்ளிக்கிழமை ஷார்ஜா வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கும் இருக்கிறது. இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஹோட்டல் கம்பெனியிலிருந்து போன வாரம் மூன்று பேர் வந்தார்கள். வீட்டை மூலைக்கு மூலை அளந்தார்கள். இரண்டு வட்டக் கோபுரத்தையும் பார்த்து, "இதைக் கோட்டை என்றே விளம்பரம் செய்யலாம்" என்றார் ஒருவர். அம்மா விடவில்லை. "ரெண்டு கோபுரம் இருந்து என்ன தம்பி, துணி காயப் போட ஒரு கொடி கட்ட எடமில்ல" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டை விற்பதில் அம்மாவுக்கு உங்களைவிட அவசரம். மழைக்கு ஒழுகாத வீட்டில் படுத்துக் கண்ணை மூட வேண்டுமாம்.

கம்பெனி என்னிடம் இரண்டு கேட்டிருக்கிறது. ஒன்று, வீட்டின் வரலாறு, எட்டுப் பக்கத்தில். நூலகத்தில் வேலை பார்க்கிறவள்தானே, எழுதிவிடுவாள் என்று நீங்களே சொன்னீர்களாம். இன்னொன்று, ஓர் உறுதிமொழிப் பத்திரம். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த வீட்டுக்குள் கண்மாய்த் தண்ணீர் வந்ததே இல்லை என்று வீட்டுக்காரியாகிய நான் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் காட்டி, இனிமேல் கலுங்கில் பலகை போடக்கூடாது என்று மனுக் கொடுப்பார்களாம். கலுங்கு என்றால் என்ன என்று அந்த இளம் இன்ஜினியர் கேட்டார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்வரிசை, ஐப்பசி கார்த்திகையில் அந்தக் கல்லிடுக்குகளில் பலகை செருகிக் களிமண் வைத்து அடைத்தால் இன்னும் இரண்டடி தண்ணீர் நிற்கும், இருநூறு ஏக்கருக்குக் கடைசித் தண்ணீர் அதுதான் என்றேன். அந்த இரண்டடிதான் நம் கூடத்துக்குள்ளும் வரும் என்பதையும் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை.

கிரயம் டிசம்பர் பதினாறு. நீங்கள் வந்துவிடுவீர்கள், இனித் திரும்பிப் போக மாட்டீர்கள். நம் கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாம் சேர்ந்திருந்த நாட்களை ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். பதினொரு மாதம் வருகிறது. எனக்கும் இந்த வீட்டைவிட நீங்கள் வருவதுதான் வேண்டும். இதை நம்பிக்கொண்டு மற்றதைப் படியுங்கள். அந்தப் பத்திரத்தில் இன்னும் நான் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள்
சாமியா


ஷார்ஜா
23.9.2024

அன்புள்ள சாமியாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. எழுந்திருக்கும்போது வலி, நின்றுவிட்டால் தெரியாது. முறுக்கு வந்தது. பாதியை ரூமில் இருக்கிறவர்கள் தின்றுவிட்டார்கள்.

எனக்குக் கடிதம் எழுத வராது. நீ ஆறு வரியில் சொல்வதை நான் ஒரு வரியில் சொல்வேன். அதற்கும் கோபித்துக்கொள்வாய்.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் முப்பதுதான் கடைசி நாள். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்பு என்று நீ சொல்வாய். கேட்டிருந்தால் யோசிக்கலாம் என்றிருப்பாய். பதினாலு வருடம் யோசித்தாயிற்று. மணமேல்குடியில் சிராஜ் ஐஸ் பிளான்ட் போடுகிறான், பாதிப் பங்குக்கு என்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறான். படகுக்காரர்களுக்கு ஐஸ் எப்போதும் வேண்டும். காலையில் போனால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இதற்கு மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது.

வரலாறு எழுது, நன்றாக எழுது. ராஜா, கோபுரம், பர்மாத் தேக்கு என்று எழுது, வருகிறவன் ஆசையாகப் படிப்பான். தண்ணீர் சமாசாரம் வேண்டாம். பத்திரத்தில் ஒரு கையெழுத்துதானே. ஒன்பது வருடமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, அது பொய்யா? முப்பது என்று அவன் எழுதியிருந்தால் எழுதிவிட்டுப் போகட்டும். யார் எண்ணப் போகிறார்கள்?

மாமிக்கு என் ஸலாம் சொல். அவருக்காவது புத்தி இருக்கிறது.

பாசித்


காரைவயல்
8.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வேலையை விட்ட செய்தியை அம்மாவிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார். நான் அன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. பயமாக இருந்தது. ஏன் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் உங்களுக்குப் புரியும்.

வரலாறு எழுத உட்கார்ந்தேன். இந்த வீட்டைக் கட்டியவர் மன்னர் வீட்டு உறவு, முத்துவிசயத் துரை. வருடம் 1911. யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் ஏரிக்கரைக் கோட்டை ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு அதே போல் வேண்டும் என்றாராம். அவருக்குப் பிடித்த இடம் கண்மாயின் நீர்ப்பிடிப்புக்குள் இருந்தது. ஊர்க்காரர்கள் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள். தண்ணீர் வாசலின் மூன்றாம் படியைத் தொட்டுவிட்டால் வீட்டுக்காரர் தம் கையால் கதவைத் திறந்து வைக்க வேண்டும், கலுங்குப் பலகையில் கை வைக்கக்கூடாது. துரை ஒப்புக்கொண்டு, கீழ்க்கூடத்தைக் கருங்கல்லில் போட்டு, குடியிருப்பு முழுவதையும் மாடியில் வைத்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்குமாம். அந்த நாட்களில் ஊரே வந்து கூடத்தில் கால் நனைத்துவிட்டுப் போகுமாம்.

துரைக்கு வாரிசு இல்லை. 1934இல் திருமயம் பக்கத்து விஸ்வநாதன் செட்டியார் வாங்கினார். வாசலுக்கு இப்போதிருக்கிற இரட்டைத் தேக்குக் கதவைப் போட்டது அவர்தான். அவருடைய மருமகள் இந்துமதி ஆச்சியிடம்தான் அத்தா 1991இல் வாங்கினார். ஆச்சி இப்போது காரைக்குடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். என்னைப் பார்த்ததும் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, கதவைப் பற்றித்தான் கேட்டார்.

"எங்க வீட்டுல தண்ணி வந்தா வடக்குக் கதவு மாமனாருக்கு, தெக்குக் கதவு மாமியாளுக்கு. ஒராளு ரெண்டையும் தொறக்குறதில்ல. நாங்க விக்கிறப்ப ஒங்க அத்தாகிட்ட வேற எதுவும் கேக்கல. கதவத் தொறப்பீகளான்னு கேட்டேன். தொறப்பேன்னாக. தொறந்தாகளா?"

1993, 1998, 2005 என்றேன். கூடத்துத் தூணில் கோடு இருக்கிறதே, எனக்கு மனப்பாடம். தண்ணீர் வந்த வருடமெல்லாம் அது நின்ற உயரத்தில் ஒரு கோடும் பக்கத்தில் வருடமும் வெட்டியிருக்கும். மொத்தம் இருபத்துமூன்று கோடு. அதில் அத்தாவுடையவை மூன்று.

"மூணாம் படியில எழுத்து இருக்குமே, அதப் படிச்சியா?" என்றார் ஆச்சி.

மூன்றாம் படியில் எழுத்து எதையும் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, அத்தா மஸ்கட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து அந்தப் படியில் ஒட்டிய டைல்ஸை உளியால் பெயர்த்தேன். அம்மா மாடியிலிருந்து, "விக்கப் போற வீட்ட ஒடைக்கிறா பாரு" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கீழே கருங்கல்லில் எழுத்து இருந்தது. நான் மேலே எழுதிய நிபந்தனைதான், ஒரு சொல் கூடக் குறையாமல். அடியில் துரையின் பெயர், அதற்குக் கீழே செட்டியார் பெயர். மூன்றாவது பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. அத்தா அதில் தன் பெயரை வெட்டவில்லை, டைல்ஸ் ஒட்டிவிட்டார்.

இனி நான் கேட்க வந்தது. 2015இல் நம் கல்யாண வாரம், எத்தனை மழை. நான்காம் படி வரை தண்ணீர் ஏறியதை நானே மாடியிலிருந்து பார்த்தேன். கல்யாணத்தன்று காலையில் முதல் படிக்கும் கீழே போய்விட்டது. பலகை உடைந்து போனது, கலுங்குக் காவல் கருப்பையா கவனிக்கவில்லை என்றார்கள். தை மாதம் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் இருநூறு ஏக்கரும் பதராகப் போனது. ஊர் கூடி அவரைக் காவலிலிருந்து நீக்கியது. அதன் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. மணல் மூட்டைதான் போடுகிறார்கள், மணல் மூட்டைக்கு இந்தக் கண்மாய் அடங்குவதில்லை. நீங்கள் சொல்லும் ஒன்பது வருடக் கணக்கு இதுதான்.

அவர் மகள் சேதுலட்சுமி என்னோடு பள்ளியில் படித்தவள், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறாள். வழியில் பார்த்து 2015ஐப் பற்றிக் கேட்டேன். "அந்த வருசத்தப் பத்தி எங்கப்பாவக் கேளு. இல்ல ஒங்க வீட்டுலயே கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் வீட்டில் கேட்கிறேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

சாமியா


ஷார்ஜா
19.10.2024

சாமியா,

உன் கடிதம் வந்தது. எட்டுப் பக்கம் எழுதச் சொன்னால் எட்டுத் தலைமுறையைத் தோண்டுகிறாய்.

கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. படியை உடைத்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள். நவம்பர் கடைசிக்குள் வராவிட்டால் திருமயம் பக்கம் வேறு வீடு பார்த்து வைத்திருக்கிறார்களாம். சிராஜ் மெஷினுக்குச் சொல்லிவிட்டான். என் விசா ரத்தாகப் போகிறது. நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று உனக்குத் தெரிகிறதா?

2015ஐப் பற்றி நீ யாரிடமும் கேட்காதே. கருப்பையா காவலை விட்டுவிட்டு நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். ஊரே பார்த்தது. அது முடிந்துபோன விஷயம். மாமா இருந்தவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் மகள் நீ, அவர் மரியாதையைக் காப்பாற்று.

படியில் டைல்ஸை ஒட்டச் சொல். அறந்தாங்கியில் இன்னாசி என்று ஒருவர் இருக்கிறார், நன்றாக ஒட்டுவார்.

பாசித்


காரைவயல்
4.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாம் எழுதாமல் நீங்கள் கடிதம் தொடங்கியது இதுதான் முதல் தடவை. நான் எழுதிவிட்டேன்.

யாரிடமும் கேட்காதே என்று எழுதினீர்கள். உங்கள் கடிதம் வந்த மறுநாளே அன்னவாசல் போனேன். கருப்பையா அங்கே ஒரு கல்பட்டறையில் காவலாளி. தகரக் கொட்டகை, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு ரேடியோ. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய கட்டிலில் அவரை நான் உட்காரச் சொன்னேன்.

"பதினோரு பலகையும் செருகி, களிமண் மிதிச்சு அடைச்சேம்மா. ஒங்க அத்தா ஆள் மேல ஆள் விட்டாரு, ஊரே சாப்புடுது, நீ மட்டும் வராட்டி எப்புடின்னு. போனேன். ஒரு எலை சாப்புட்டு எந்திரிக்கிற நேரம். போய்ப் பாத்தா கலுங்கு பாழாக் கெடக்கு. ஒடஞ்சுதுன்னாக. ஒடஞ்சா துண்டு எங்கிட்டாவது ஒதுங்கணும்ல? ஓடை நெடுக மூணு நாளு நடந்தேன். ஒரே ஒரு பலகைதான் கெடச்சுச்சு. முழுசா. ஒரு கீறல் இல்ல. அதத் தூக்கிட்டுப் போயிக் கூட்டத்துல காட்டுனேன். பந்தியில இருந்தவன் பேச்ச எவன் கேப்பான்?"

அந்தப் பலகை கட்டிலுக்கு அடியில் இருந்தது. பனைமரம். மேல் ஓரத்தில் பதினோரு வெட்டு, வரிசை எண்ணுக்காக. நான் தொட்டுப் பார்த்தேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், "வீட்ட விக்கிறீகளாம்ல" என்றார்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரர்கள், அன்று பூட்டியிருந்ததால் விட்டுப்போன வடக்குக் கோபுரத்தை அளக்க வருவதாகச் சொன்னதால் நேற்று அதைத் துப்புரவு செய்தேன். அத்தா மௌத்தாகி அடக்கமான பிறகு அந்த அறையைத் திறந்ததே இல்லை. சாவி அவருடைய பெட்டியில் இருந்தது. உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், கல்யாணத்துக்கு விரித்த நீல ஜமுக்காளத்தில் சுற்றி ஒரு கட்டு. உள்ளே பத்துப் பலகை. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு என்று பத்து வரைக்கும். இடுக்கில் களிமண் அப்படியே காய்ந்திருக்கிறது, அதில் ஒரு கைவிரல் பதிவு கூட இருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசலிலேயே நின்று பார்த்தார். "மூடி வையி" என்றார். "ஒனக்குப் புருசன் வேணுமா, பலகை வேணுமா?"

மச்சான், இதை அங்கே வைத்தது யார்?

சாமியா


ஷார்ஜா
15.11.2024

சாமியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான்தான்.

இரண்டு நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. தண்ணீர் நான்காம் படியில் நின்றது. ஐந்தாம் படியைத் தாண்டினால் கூடத்துக்குள். மேடை கூடத்தில்தான் போட்டிருந்தது. ஆயிரத்து இருநூறு பேர் அழைப்பு. அறந்தாங்கியில் மண்டபம் பார்க்கலாம் என்று மாமா சொன்னார். நீ போனில் என்னிடம் என்ன சொன்னாய் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "மச்சான், நான் பிறந்த வீட்டுக் கூடத்தில்தான் எனக்கு நிக்காஹ் நடக்கணும், வேறெங்கும் வேண்டாம்" என்று சொல்லி அழுதாய். உனக்கு இருபத்தொரு வயது. அதற்கு முன் என்னிடம் நீ எதையும் கேட்டதில்லை.

மதியம் ஊரே பந்தியில் இருந்தது. மழை ஓசையில் கலுங்குச் சத்தம் யாருக்கும் கேட்காது. பந்தல்காரரின் மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பலகையைப் பிடுங்குவது சுலபமாக இல்லை, கை கிழிந்துவிட்டது. மணமேடையில் என் கையில் கட்டு இருந்ததைப் பார்த்து என்ன என்று கேட்டாய், பந்தல் கம்பி என்றேன். முதலில் பிடுங்கிய மேல் பலகை நழுவி ஓடையில் போய்விட்டது. மற்றதை அங்கேயே போட்டிருந்தால் கருப்பையா வந்து திரும்பச் செருகியிருப்பார். அதனால் கொண்டுவந்தேன். கோபுரப் படியில் மாமா எதிரே வந்தார். ஜமுக்காளத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். நம்பு, அவர் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

இரண்டு நாளில் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இத்தனை மழை பெய்கிறதே, திரும்ப நிறையாதா? மறுநாள் விட்ட மழை பிறகு பெய்யவே இல்லை. ஜனவரியில் நான் இங்கே வந்துவிட்டேன். கருப்பையாவை நீக்கியதை மாமா போனில் சொன்னார். நான் வந்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம், மாப்பிள்ளை, என் மகள் இந்த ஊரில் இருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

ஒன்பது வருடமாக லீவுக்கு வரும்போதெல்லாம் நான் கலுங்குப் பக்கம் போனதில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய்.

இப்போது உன் கையில் இருக்கிறது. ஜமுக்காளத்தைச் சுற்றி வைத்துவிட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், நான் டிசம்பர் முதல் வாரம் வருகிறேன், காலத்துக்கும் உன்னோடு இருக்கிறேன். வீடு போய்விட்டால் அந்த வருடமும் போய்விடும். நீ ஊரில் சொன்னால் நான் எந்த முகத்தோடு அங்கே நிற்பது? வரமாட்டேன். இங்கே நண்பர் ஒருவரின் கிடங்கில் வேலை கேட்டு வைத்திருக்கிறேன், சம்பளம் பாதிதான்.

மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொள். இருக்கலாம்.

பாசித்


காரைவயல்
8.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடைசி நாள் போய் எட்டு நாள் ஆகிவிட்டது. நீங்கள் அந்த ரூமில் இருக்கிறீர்களா, கிடங்குக்குப் போய்விட்டீர்களா என்று தெரியவில்லை. போன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பழைய விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன்.

நான் சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் செய்தீர்கள் என்று நான் தொடங்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்காகப் பலகை எடுக்கப்பட்டது, அழுது கேட்டது நான், எடுத்தது என் கணவர், மறைத்தது என் அத்தா என்றேன். மூன்று பேர் பெயரையும் அந்த வரிசையில் சொன்னேன். அழுததை நான் மறந்தே போயிருந்தேன், மச்சான். ஒன்பது வருடம் எனக்கு எதுவும் தெரியாது என்று இருந்தேன். நீங்கள் எழுதிய பிறகுதான் அந்த அழுகை என் காதுக்கே கேட்டது.

கண்மாய்க்கரையில் எண்பது பேர் இருந்திருப்பார்கள். பத்துப் பலகையையும் கீழே வரிசையாக வைத்திருந்தேன். பின்னாலிருந்து ஒருவர், "கல்யாணச் சோறு செரிச்சிருச்சா, தங்கச்சி?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கருப்பையாவை சேதுலட்சுமி அன்னவாசலிலிருந்து கூட்டி வந்திருந்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு பலகையாகத் தூக்கி வெட்டை எண்ணினார். களிமண்ணை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பிறகு, "டீ கெடைக்குமா?" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஊர்ப் பெரியவர்கள்தான் ரொம்ப நேரம் பேசினார்கள், அவரிடம் பேசாமல் தங்களுக்குள்ளேயே. அன்று அவரை நீக்கக் கை தூக்கியவர்கள் பாதிப் பேர் அங்கேயே இருந்தார்களே.

கூட்டம் கலைந்த பிறகு சேதுலட்சுமி என்னிடம் வந்தாள். "ஒன் கல்யாணத்துக்கு எங்க வீட்டுல மொய் எழுதலன்னு ஒங்கம்மாவுக்கு ரெம்ப நாள் கொறை. இப்பத் தெரியுதா? இருக்குறதுலயே எங்க மொய்தான் பெருசு."

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. கருப்பையா கலுங்குக்கு வந்துவிட்டார். பத்துப் பலகை செருகியாயிற்று. பதினொன்றாவது மேல் பலகை. வெள்ளத்தின் வேகம் தணிந்த பிறகுதான் அதைச் செருக முடியுமாம். அதைத் துணி போட்டுத் துடைத்துக் கரையில் சாய்த்து வைத்திருக்கிறார்.

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலையில், "சோபாவ மாடிக்குத் தூக்க நாலு ஆளு வேணும், சொல்லி விடு" என்றார்.

நேற்று மதியம் தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டது. கெடு முடிந்தும் கடைசியாக ஒரு தடவை பத்திரத்தைக் கேட்கக் கம்பெனி ஆள் அந்த நேரம்தான் வந்தார். நான் படியைக் காட்டினேன், எழுத்தைக் காட்டினேன், தூணைக் காட்டினேன். எட்டுப் பக்கத்தையும் கொடுத்தேன். எட்டாம் பக்கத்தில் நாம்தான் இருக்கிறோம். நின்றபடியே அதைப் படித்தார். "தகவல் சொல்கிறோம் மேடம்" என்று பேன்ட்டை மடித்துக்கொண்டு போனார். வீடு விற்காது. உங்கள் ஐஸ் பிளான்ட்டை நான் கெடுத்துவிட்டேன். இதற்கு எந்த நியாயமும் எழுதப் போவதில்லை.

பிறகு கதவைத் திறந்தேன். தெற்குக் கதவைத் தள்ளித் திறந்து கல்லை அண்டை கொடுத்தேன். வடக்குக் கதவைத் திறக்க சேதுலட்சுமி வந்தாள். வேண்டாம் என்றேன். "ஏன், கனமா இருக்குன்னா?" என்றாள். ஆமாம் என்றேன். கனமில்லை, மச்சான். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், ஒரு விரலுக்கே நகரும். அது நான் திறக்கிற கதவு இல்லை.

நீங்கள் வராமலே இருக்கலாம். அப்படி எழுதினீர்கள், எழுதினால் செய்கிறவர் நீங்கள். ஒரு கதவு மட்டும் திறந்திருந்தாலும் கூடத்துக்குத் தண்ணீர் வரும்தான்.

சாமியா


காரைவயல் கலுங்கு
12.12.2024

சாமியா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டேன். நேராக வீட்டுக்கு வரக் கால் வரவில்லை. மணமேல்குடியில் சிராஜ் வீட்டில் தங்கினேன். நீ ஊரில் சொல்லிவிட்டாய் என்பதை அவன்தான் சொன்னான். ஐஸ் பிளான்ட்டுக்கு அவன் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான். அதை நான் உன்னிடம் சொல்லிக் காட்டுவேன். இன்று காட்டமாட்டேன், ஆனால் பல வருடம் காட்டுவேன். தெரிந்து வைத்துக்கொள். நீ கடைசியாக ஏதாவது எழுதியிருந்தால் எனக்கு வந்து சேரவில்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் கரை மேலேயே நடந்து கலுங்குக்கு வந்தேன். கருப்பையா தனியாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எப்படியோ சொன்னேன், எழுதிக் காட்ட முடியாது. அவர் கேட்டாரா என்று கூடத் தெரியவில்லை, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் பலகையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"புடுங்கத் தெரிஞ்ச கைக்குச் செருகத் தெரியுதான்னு பாப்போம். இங்கிட்டு இல்ல, அங்கிட்டுப் போயி நில்லு. இடுப்பு வளையாதா?"

இடுப்பு வளைந்தது. செருகிவிட்டேன். களிமண்ணை நான் மிதித்தேன், அவர் குறை சொன்னார். மூன்று முறை பிரித்து மறுபடி அடைக்க வைத்தார். இந்தத் தாளில் இருப்பது அந்த மண்தான். காகிதமும் பேனாவும் சேதுலட்சுமி கொடுத்தது. அவள்தான் இதை உன்னிடம் கொண்டுவருகிறாள்.

தண்ணீர் சாயங்கால அஸர் தொழுகைக்குள் கூடத்துக்கு வந்துவிடும் என்கிறார் கருப்பையா.

இங்கிருந்து பார்த்தால் வீடு தெரிகிறது. தெற்குக் கதவு திறந்திருக்கிறது. வடக்குக் கதவு மூடியே இருக்கிறது. அது கனமாக இருப்பதாலா, வேறு எதற்காகவா என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பு. அதுவரை நான் இங்கேதான் நிற்கிறேன்.

பாசித்